ஒரு நிமிட அளவு, நாள் முழுக்கக் காவல்: செட்டிநாட்டுச் சாலைப் பணிக்கு நியூக்ளியர் டென்சிட்டி கேஜ்

சாலைக்குப் போட்ட மண் எவ்வளவு இறுகியிருக்கிறது, அதாவது அதன் அடர்த்தி என்ன என்று அறிய, மணல் மாற்று முறையில் ஒரு குழி தோண்டி, மணல் ஊற்றி, எடை பார்த்து முடிக்க அரை மணி முதல் முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஈரப்பதம் தெரிய மண்ணை அடுப்பில் வைத்துவிட்டு மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். நியூக்ளியர் டென்சிட்டி கேஜ் இரண்டையும் ஒரே நிமிடத்தில் திரையில் காட்டிவிடும். விற்பவர்கள் சொல்வது இவ்வளவுதான், அது பொய்யும் இல்லை. அந்த ஒரு நிமிடம் போக மீதி 23 மணி 59 நிமிடமும் அந்தப் பெட்டிக்கு ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் சாலை வேலை எடுப்பவர் அந்த மீதி நேரத்தையும் கணக்கில் சேர்த்தால் இது கட்டுபடியாகுமா என்று பார்ப்போம்.

சந்தையில் அதிகம் தெரிந்தது ட்ராக்ஸ்லர் 3440. ஹம்போல்ட், சிபிஎன் கருவிகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. 3440-க்குள் இரண்டு கதிர்மூலங்கள் இருக்கின்றன. மண்ணுக்குள் இறங்கும் கம்பியின் நுனியில் 8 மில்லிகியூரி (கதிர்வீச்சின் அலகு) சீசியம்-137, இது அடர்த்திக்கு. அடிப்பாகத்தில் அசையாமல் இருக்கும் 40 மில்லிகியூரி அமெரிசியம்-பெரிலியம், இது ஈரப்பதத்துக்கு. சீசியத்தின் அரை ஆயுள் சுமார் 30 ஆண்டு, அமெரிசியத்துக்கு 432 ஆண்டு. ஒப்பந்தக்காரரின் பேரனுக்குப் பேரன் காலத்திலும் அந்த இரண்டாவது மூலம் பாதிக்குமேல் உயிரோடுதான் இருக்கும். கருவி மட்டும் 13 கிலோவுக்குச் சற்று மேல். பெட்டி, பாலி எத்திலீன் கட்டை, துளைக்கம்பி எல்லாம் சேர்த்தால் 40 கிலோவைத் தொடும். ஒற்றை ஆள் தூக்கினால் இடுப்பு பிடிக்கும். இறக்கும்போது நழுவினால் சேதம் இடுப்போடு நிற்காது.

பயத்தை அளவோடு வைத்துக்கொள்ள நாலு எண் தெரிந்தால் போதும். அந்தச் சீசியம் கவசமே இல்லாமல் வெளியே கிடந்தால் 5 மீட்டர் தள்ளி மணிக்குச் சுமார் 1 மைக்ரோ சீவர்ட் (சீவர்ட் என்பது உடலில் படும் கதிரின் அலகு). 1 மீட்டரில் 26. 10 சென்டிமீட்டரில் 2,600. விரல் நுனியை 1 சென்டிமீட்டர் அருகே கொண்டுபோனால் 2,60,000, அதாவது 260 மில்லி சீவர்ட். தூரம் பாதியானால் அளவு நான்கு மடங்காகும் என்ற ஒரே கணக்குதான் இதெல்லாம். இந்தியாவில் கதிர்ப்பணியாளருக்கு வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு 1. ஒழுங்காக இயக்குபவருக்கு இந்த வரம்பின் பக்கத்தில்கூட வராது. கம்பியைக் கையால் துடைப்பவருக்கும், கருவியைக் கவிழ்த்து அடியில் எட்டிப் பார்ப்பவருக்கும் அந்த நிம்மதி கிடையாது.

இந்தக் கருவியில் உயிர்நாடியான பாகம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் திரையையோ மென்பொருளையோ சொல்ல மாட்டோம். அடியில் இருக்கும் ஷட்டர் கட்டைதான் அது. டங்ஸ்டனால் ஆனது, பின்னால் ஒரு ஸ்பிரிங். கம்பியை இறக்கும்போது கட்டை பக்கவாட்டில் ஒதுங்கும். மேலே இழுத்து ‘சேஃப்’ நிலைக்குக் கொண்டுவந்தால் ஸ்பிரிங் தள்ளி வாயை மூடும். மூடும்போது ‘க்ளிக்’ என்று கேட்கும். அந்தச் சத்தம் கேட்காமல் கருவியைத் தரையிலிருந்து தூக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கத்துச் செம்மண் கம்பியில் அப்பிக்கொண்டு மேலே ஏறும். கம்பியைச் சுற்றியுள்ள வழிப்பு வளையம் புதிதாக இருக்கும்வரை மண்ணை வழித்து வெளியே தள்ளிவிடும். தேய்ந்த வளையம் சேற்றை உள்ளேயே விடும். உள்ளே போன சேறு காய்ந்து ஓடு மாதிரி இறுகியதும் கட்டை பாதியில் நின்றுவிடும். கைப்பிடி மேலே வந்து நிற்கும், பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும், அடியிலோ கதவு திறந்து கிடக்கும். கருவியைக் காலோடு ஒட்டித் தூக்கிக்கொண்டு அடுத்த புள்ளிக்கு நடப்பவருக்குக் கதிர் படுவது இந்த வழியில்தான்.

சுத்தம் செய்வது கடினமில்லை, பயிற்சி பெற்றவர் செய்தால் பத்து நிமிட வேலை. கம்பி சேஃப் நிலையில் பூட்டி இருக்க வேண்டும். கருவியைப் பக்கவாட்டில் சாய்த்து, அடிப்பக்கம் ஆளில்லாத திசையைப் பார்க்க வைத்து, பின்னால் நின்றுகொண்டு அடித்தகட்டின் திருகுகளைக் கழற்ற வேண்டும். கட்டையும் ஸ்பிரிங்கும் வெளியே வந்துவிடும். அந்த நேரத்தில் துளை வழியாகக் கற்றை நேரே வெளியேறும் என்பதால் விரலோ முகமோ எதிரே போகக் கூடாது. நீளப்பிடித் தூரிகையால் குழியைத் தட்டி, துணியால் கட்டையைத் துடைத்து, தயாரிப்பாளர் சொன்ன கிரீஸை மெல்லிதாகத் தடவி மாட்ட வேண்டும். தண்ணீர் பீய்ச்சுவதும், கைக்குக் கிடைத்த கிரீஸை அள்ளி அப்புவதும் அடுத்த முறை சேறு இன்னும் சீக்கிரம் பிடிக்க வழி செய்யும். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை, கோடையில் மாதம் ஒரு முறை என்று வைத்துக்கொள்ளலாம். கருவி புதிதாக வந்த அன்றே, கதிரளவு காட்டும் கைக்கருவியான சர்வே மீட்டரால் அடியிலும் நான்கு பக்கமும் அளந்து பெட்டி மூடியின் உட்புறம் எழுதி ஒட்டிவிடுவது நல்லது. பிறகு எந்த நாளும் அடியில் எண் கூடினால் ஷட்டர் மூடவில்லை என்று உடனே தெரியும்.

காலையில் முதல் வேலை ஸ்டாண்டர்ட் கவுன்ட், அதாவது கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் ஒப்பீட்டு எண்ணிக்கை. பாலி எத்திலீன் கட்டையைக் காய்ந்த, கெட்டியான, சமதளமான தரையில் வைத்து, கருவியை அதன் விளிம்புகளுக்குள் சரியாக உட்கார்த்தி, கம்பியைச் சேஃப் நிலையிலேயே விட்டு நான்கு நிமிடம் எண்ண வேண்டும். சுவர், லாரி போன்றவை 3 மீட்டருக்குள் இருக்கக் கூடாது. இன்னொரு கேஜ் இருந்தால் 10 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். முந்தைய நான்கு நாள் சராசரியோடு ஒப்பிட்டு அடர்த்தி எண் 1 சதவீதத்துக்குள்ளும், ஈர எண் 2 சதவீதத்துக்குள்ளும் நிற்க வேண்டும். சீசியம் தேய்வதால் அடர்த்தி எண் ஆண்டுக்கு 2.3 சதவீதம் மெல்ல இறங்கும், அது இயல்பு. ஒரே நாளில் குதித்தால் கட்டைமேல் மண், பெட்டிக்குள் ஈரம், மாற்றி வைத்த கட்டை என்று ஏதாவது இருக்கும். கட்டைக்கும் கருவிக்கும் ஒரே வரிசை எண் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். வாடகைக் கருவிகளில் இது மாறிக் கிடப்பது நடக்கக்கூடியதே. இந்த நான்கு நிமிடத்தை மிச்சம் பிடிப்பதற்காக நேற்றைய எண்ணையே எழுதி வைக்கும் சைட்டில் மற்ற எந்த எண்ணையும் நம்ப வேண்டியதில்லை.

சோதனை இடத்தைத் தகட்டால் வழித்துச் சமமாக்கி, சிறு பள்ளங்களை அதே மண்ணின் பொடியால் நிரப்ப வேண்டும். நிரப்புவது 3 மி.மீ. கனத்துக்கு மேல் போகக் கூடாது. தகட்டை ஒரு காலால் மிதித்துக்கொண்டு துளைக்கம்பியைச் சம்மட்டியால் இறக்க வேண்டும், சோதனை ஆழத்தைவிட 50 மி.மீ. கூடுதலாக. 150 மி.மீ. அடுக்குக்கு 200 மி.மீ. துளை. கம்பியைத் திருகித் திருகி நேராக உருவ வேண்டும், ஆட்டினால் துளை வாய் அகன்று அடர்த்தி குறைவாகக் காட்டும். கேஜை வைத்து மூலக்கம்பியை இறக்கியதும் உணர்குழாய்கள் இருக்கும் பக்கமாகக் கருவியை லேசாக இழுத்து, கம்பி துளைச் சுவரைத் தொடும்படி செய்துவிட்டு பொத்தானை அழுத்தி, இரண்டு மூன்று எட்டு தள்ளி நிற்கலாம். பக்கத்தில் குந்திக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் எண் சீக்கிரம் வரப் போவதில்லை.

துளைக்குள் சரளைக் கல் சரிந்து கம்பி மேலே வர மறுத்தால் கைப்பிடியைச் சம்மட்டியால் தட்டுவதும், கருவியோடு பிடுங்குவதும் கூடாது. மூலம் மண்ணுக்குள் இருக்கும்வரை மண்ணே கவசம். அப்படியே விட்டு, 5 மீட்டர் சுற்றிக் கயிறு கட்டி, கதிரியல் பாதுகாப்பு அலுவலரை, சைட் பேச்சில் ஆர்எஸ்ஓவை, கூப்பிட வேண்டும். கைப்பிடி பாதியில் நிற்க, கருவியைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவதுதான் இதில் மிக மோசமான செயல்.

இந்த வட்டாரத்துக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். கேஜ் தண்ணீரைப் பார்ப்பதில்லை, ஹைட்ரஜனைத்தான் பார்க்கிறது. வேக நியூட்ரான்கள் ஹைட்ரஜனில் மோதி வேகம் குறைய, அப்படிக் குறைந்தவற்றை எண்ணி ஈரம் என்று சொல்கிறது. காரைக்குடியைச் சுற்றி நிரப்புமண்ணாக வருவது பெரும்பாலும் செம்மண்ணும் செம்புராங்கல் கிராவலும். அதன் இரும்பு, அலுமினியக் கனிமங்கள் ஹைட்ரஜனைத் தங்கள் கட்டமைப்பிலேயே பிடித்து வைத்திருக்கின்றன. 105-110 டிகிரி அடுப்பில் வைத்தாலும் அது வெளியேறாது, மண்ணைக் கெட்டிப்படுத்தவும் உதவாது. கேஜ் அதையும் ஈரத்தோடு சேர்த்து எண்ணிவிடும்.

விளைவைக் கணக்கில் பாருங்கள். கன சென்டிமீட்டருக்கு ஈர அடர்த்தி 2.15 கிராம், ஆய்வக அதிகபட்ச உலர் அடர்த்தி 2.03 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கேஜ் ஈரம் 10.5 சதவீதம் என்றால் உலர் அடர்த்தி 1.946, கெட்டிப்பு 95.9 சதவீதம். சாலைக்கு அடியில் வரும் மண் அடுக்கான சப்கிரேடுக்கு 97 வேண்டும், எனவே ஃபெயில். அடுப்பில் பார்த்த உண்மையான ஈரம் 8.0 என்றால் உலர் அடர்த்தி 1.991, கெட்டிப்பு 98.1, தாராளமாகப் பாஸ். மண் ஒன்றே, ரோலர் ஓட்டியதும் ஒன்றே. திருத்தம் போடாத சைட்டில் ஏற்கெனவே இறுகிய அடுக்கின் மேல் மேலும் மேலும் ரோலர் ஓட்டி, கிராவலை நொறுக்கி, டீசலை எரித்து, கடைசியில் கருவியைத் திட்டுவார்கள். இன்னொன்றும் நடக்கும்: ஈரம் ஏற்கெனவே போதும் என்று கேஜ் சொல்வதை நம்பித் தண்ணீர் லாரியை நிறுத்திவிடுவார்கள். அப்போது மண் உண்மையிலேயே காய்ந்துபோய், எத்தனை முறை ஓட்டினாலும் கெட்டிப்படாது.

திருத்தும் வழி கருவியிலேயே உண்டு. ட்ராக்ஸ்லரில் ‘கே’ மதிப்பு என்பார்கள்: அடுப்பு ஈரத்திலிருந்து கேஜ் ஈரத்தைக் கழித்து, 100-உடன் கேஜ் ஈரத்தைக் கூட்டிய தொகையால் வகுத்து, 1000-ஆல் பெருக்க வேண்டும். மேலே சொன்ன எண்களுக்கு மைனஸ் 22.6 வரும். ஒரே ஒரு மாதிரியை வைத்து இதைப் போடக் கூடாது. ஒவ்வொரு மண் குழிக்கும் பல இடங்களில் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும், குழி மாறினால் புதிதாகப் போட வேண்டும். செம்மண் முடிந்து கண்மாய் வண்டல் வரத் தொடங்கிய அன்றும் பழைய ‘கே’ மதிப்பே ஓடிக்கொண்டிருந்தால் தவறு எதிர்ப்பக்கமாகத் திரும்பும், அதாவது கெட்டிப்படாத மண் பாஸாகும். ஆக, கேஜ் வாங்கினாலும் அடுப்பையும் மணல் ஊற்றும் உருளையையும் மூலையில் போட முடியாது. கேஜ் அவற்றின் எண்ணிக்கையைக் குறைக்கும், அவ்வளவுதான்.

சைட்டில் கருவிக்கு எமன் ரோலர். பின்னோக்கி வரும் ரோலர் ஓட்டுநருக்கு முழங்கால் உயரமுள்ள மஞ்சள் பெட்டி தெரியாது. கிராவல் கொட்ட வரும் டிப்பர் ஓட்டுநருக்கும் தெரியாது. இயக்குபவர் டீ குடிக்க நகர்ந்த இரண்டு நிமிடத்தில்தான் நசுங்கும். சோதனை நடக்கும்போது ஆரஞ்சு கூம்புகள் நாலு, இயக்குபவர் கையெட்டும் தூரத்தில், வண்டி வரும் திசையைப் பார்த்தபடி: இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. நசுங்கிவிட்டால் ரோலர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், சக்கரத்தில் ஏதாவது ஒட்டியிருக்கலாம் என்பதால். ஆட்களை 5 மீட்டருக்கு அப்பால் தள்ளி, துண்டுகளைத் தொடாமல், ஆர்எஸ்ஓவுக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏஇஆர்பிக்கும் தகவல் சொல்லி, சர்வே மீட்டரோடு இரண்டு மூலங்களும் எங்கே இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். மூலங்களை அடக்கிய குளிகைகள் இரட்டை எஃகு உறையில் இருப்பவை, உடல் நொறுங்கினாலும் பெரும்பாலும் உள்ளே முழுசாகவே இருக்கும். ஆனாலும் துடைப்புச் சோதனை (துடைத்தெடுத்துக் கதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது) செய்து, கசிவு 185 பெக்கரலுக்குக் கீழே என்று தெரியும்வரை அது உடைந்ததாகவே கருதப்பட வேண்டும். மண்ணோடு சேர்த்து அள்ளி லாரியில் போட்டு ‘சுத்தம்’ செய்துவிட்டால் ஓர் இடத்துப் பிரச்சினை ஊர்ப் பிரச்சினையாகிவிடும்.

எடுத்துப் போவதற்குப் பெட்டியே தகுதி பெற்ற ‘டைப் ஏ’ பொதி. அதன்மேல் மஞ்சள்-2 அட்டை, அதில் போக்குவரத்துக் குறியெண். 0.6 என்று இருந்தால் ஒரு மீட்டரில் மணிக்கு 6 மைக்ரோ சீவர்ட் என்று பொருள். கைப்பிடியில் ஒரு பூட்டு, பெட்டியில் ஒரு பூட்டு, பெட்டியை வண்டியோடு பிணைக்கும் சங்கிலியில் ஒரு பூட்டு. டாடா ஏஸ் பின்பக்கம் சரி. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், ஆள் உட்காரும் இடத்தில், கூடாது. பஸ்ஸில் லக்கேஜாகப் போட்டோ, பல்லவன் ரயிலில் சீட்டுக்கடியில் தள்ளியோ சென்னைக்குச் சர்வீசுக்கு அனுப்பும் பொருள் இல்லை இது. கிளம்புமுன் திருகுகளையும் ஒரு முறை பாருங்கள். 2023 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ரியோ டின்டோ சுரங்கத்திலிருந்து லாரியில் போன ஒரு கேஜில் அதிர்வால் போல்ட் கழன்று, 8 மி.மீ. உயரக் குளிகை 1,400 கி.மீ. நெடுக எங்கோ விழுந்துவிட்டது. பிப்ரவரி 1 அன்றுதான் கண்டெடுத்தார்கள். அது சுரங்கத்தில் பொருத்தும் வகை, நம்முடையது கையில் தூக்கும் வகை. அதிர்வு இரண்டுக்கும் ஒன்றுதான்.

இருப்பறை விஷயத்தில் இங்கே ஒரு தனிச் சபலம் உண்டு. பெரிய வீடு ஒன்றைச் சைட் ஆபீசாக வாடகைக்கு எடுத்தால் வளவைச் சுற்றி இரும்புச் சாவி போட்ட அறைகள் வரிசையாக இருக்கும், தேக்குக் கதவும் கனமாக இருக்கும், ‘இதைவிடப் பத்திரம் வேறெங்கே’ என்று தோன்றும். பூட்டு சரிதான். சுவருக்கு மறுபக்கம் யார் உட்காருகிறார் என்பதுதான் கேள்வி. 0.6 குறியெண் உள்ள பெட்டி ஒரு மீட்டர் தள்ளி இருக்க, கணக்கர் ஆண்டுக்கு 2,000 மணி நேரம் வேலை பார்த்தால், சுவரைக் கணக்கில் சேர்க்காமல், 12 மில்லி சீவர்ட். 5 மீட்டர் தள்ளினால் 0.48. அனுமதி பெற்ற, கதிர்க்குறி ஒட்டிய, வேறு பொருள் எதுவும் இல்லாத அறை வேண்டும். சிமென்ட் மூட்டையும் பழைய இரும்பும் கிடக்கும் அறை ஆகாது. பழைய இரும்போடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2010-இல் டெல்லி மாயாபுரி இருக்கிறது: பல்கலைக்கழகம் ஏலம் விட்ட கருவியின் கோபால்ட்-60 காயலாங்கடைக்குப் போய் ஓர் உயிரைக் குடித்தது. முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பித்தளைக்கும் இரும்புக்கும் விலை தெரிந்த ஊர் காரைக்குடி. பூட்டிய, கனமான, பளபளக்கும் பெட்டி கேட்பாரற்றுக் கிடந்தால் யாருக்கும் ஆவல் வரத்தான் செய்யும்.

அனுமதி, இடமாற்றத் தகவல், ஆர்எஸ்ஓ நியமனம் எல்லாம் ஏஇஆர்பியின் இ-லோரா தளம் வழியாக நடக்கும். அதில் சுணங்கினால் கருவி கையில் இருந்தும் தொட முடியாது. ஆள்மேல் படும் கதிரைப் பதிவு செய்யும் டிஎல்டி பட்டையை மார்பில் அணிய வேண்டும், வேலை முடிந்ததும் கேஜ் பெட்டியின் மேலேயே மாட்டி வைக்கக் கூடாது. அப்படி வைத்தால் மூன்று மாதம் கழித்து வரும் அறிக்கை ஆளின் அளவைச் சொல்லாது, பெட்டியின் அளவைத்தான் சொல்லும். வழக்கமான டிஎல்டியும் கைகர் சர்வே மீட்டரும் காமாவுக்கானவை, நியூட்ரானை அவை சரிவரக் காட்டா. அதனால் மீட்டரில் எண் குறைவாக இருக்கிறதே என்று பெட்டிமேல் உட்கார்ந்து சாப்பிடுவதில் அர்த்தமில்லை.

வாங்கலாமா? மேலூர்-காரைக்குடி மாதிரி நெடுந்தூர வேலை, நாளுக்குப் பல புள்ளிகள், ஒன்றிரண்டு ஆண்டு ஓடும் ஒப்பந்தம், சொந்த ஆர்எஸ்ஓ: இவை நான்கும் இருந்தால் தாராளமாக வாங்கலாம், வேகத்தில் இதற்கு ஈடில்லை. ஊராட்சிச் சாலை, கண்மாய்க் கரை, மனை நிரப்புவது போன்ற வேலைகளுக்கு மணல் மாற்று முறையே போதும். சரளை இல்லாத களிமண்ணில் மண்ணில் அடித்து இறக்கி மாதிரி எடுக்கும் 1,000 கன சென்டிமீட்டர் கோர் கட்டர் உருளை இன்னும் சுலபம். இரண்டுக்கும் நடுவே இருப்பவர்கள் கருவியை மட்டும் வாடகைக்கு எடுக்காமல், அனுமதி பெற்ற ஆய்வகத்திலிருந்து கருவியும் இயக்குபவரும் சேர்ந்து வந்து மாலையில் திரும்பும் சேவையை எடுப்பது உத்தமம்.

வரும் அன்று கேட்க வேண்டியவை: அனுமதி யார் பெயரில், இந்த சைட்டுக்கு இடமாற்ற அனுமதி இருக்கிறதா, கடைசித் துடைப்புச் சோதனையின் தேதி, ஸ்டாண்டர்ட் கவுன்ட் பதிவேடு, அளவுத்திருத்தம் செய்யப்பட்ட சர்வே மீட்டர், ஆரஞ்சு கூம்புகள். சர்வே மீட்டர் இல்லாமல் வந்தால் வண்டியிலிருந்து இறக்கவே விடாதீர்கள். சொந்தமாக வாங்குபவர், காலாவதியான மூலத்தைத் தயாரிப்பாளர் திரும்ப எடுத்துக்கொள்வதற்கான எழுத்துறுதியையும் அதன் செலவையும் கொள்முதல் ஆணையிலேயே சேர்க்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்து ஆபீஸைக் காலி செய்யும் அன்று, வளவில் கடைசியாக மிஞ்சி நிற்பது இந்தப் பெட்டியாகத்தான் இருக்கும்.